இனி என்ன செய்வாய்? பாத்திர ஆட்டங்களில் கதைசொல்லும் அதிகாரம்

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரைப் பார்த்த மாணவிகளுக்கு அதன் தொடக்கக் காட்சிகள் நினைவிருக்கும். 1983ஆம் ஆண்டு, அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் ஒரு வீட்டின் நிலவறை. நான்கு பையன்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் குரலைத் தாழ்த்தி அரக்கன் வருவதைச் சொல்கிறான். மற்ற மூவரும் என்ன செய்வதென்று அலறுகிறார்கள். பகடை எங்கோ உருண்டு விழுகிறது. அம்மா வந்து ஆட்டத்தை முடிக்கச் சொல்கிறாள்: நாளைக்குப் பள்ளிக்கூடம். மாடியில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும் அக்காவிடம் ஒரு பையன் மிச்சமிருந்த பீட்சாத் துண்டை நீட்டினால், அவள் கதவைச் சாத்திவிடுகிறாள். 2016இல் வந்த அந்த அத்தியாயத்தில் ஆட்டத்தோடு பெண்களுக்கு உள்ள உறவு இவ்வளவுதான். ஒருத்தி நிறுத்துகிறாள், இன்னொருத்தி கதவைச் சாத்துகிறாள்.

2022இல் வந்த நான்காம் பருவத்தில் நிலைமை மாறியதுபோல் தெரிகிறது. எரிக்கா என்ற கறுப்பினச் சிறுமி மேசைக்கு வருகிறாள். இருபது முகப் பகடையில் இருபதையே உருட்டித் தன் அணியைக் காப்பாற்றுகிறாள். என் வகுப்பில் அந்தக் காட்சிக்குக் கைதட்டியவர்கள் உண்டு. ஆனால் எரிக்கா அழைக்கப்பட்டது ஆள் குறைந்ததால். அவள் உருட்டிய பகடைக்குப் பொருள் சொல்லி, அரக்கன் வீழ்ந்தான் என்று அறிவிப்பவன் மேசைத் தலைமாட்டில் இருக்கும் ஆண். இந்தக் கட்டுரை அந்தத் தலைமாட்டு நாற்காலியைப் பற்றியது.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற ஊரிலிருந்து கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் எழுதிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. மேசையில் ஆடும் பாத்திர ஆட்டங்களில் அச்சாகி விற்பனைக்கு வந்த முதல் ஆட்டம் அது. நான்கைந்து பேர் உட்கார்கிறார்கள். ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்கிறார்கள். அந்த ஒருவர் உலகம் முழுவதையும் ஏற்கிறார்: மழை, சத்திரக்காரர், ஓநாய், அரசி, எல்லாமே அவர். "முன்னால் ஒரு கற்கதவு. கீழிடுக்கில் வெளிச்சம் தெரிகிறது. இனி என்ன செய்வாய்?" என்று கேட்கிறார். பதிலைப் பொறுத்துக் கதை நகர்கிறது. முடியுமா முடியாதா என்ற ஐயம் வந்தால் பகடை. வெற்றி தோல்வி என்று ஒன்றும் கிடையாது. நம் பாட்டிமார் கதை சொல்லும்போது 'உம்' கொட்ட ஓர் ஆள் வேண்டும். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். இங்கே உம் கொட்டுபவர்தான் கதையின் அடுத்த வரியைச் சொல்ல வேண்டும். சொல்பவருக்கும் முடிவு தெரியாது.

அந்த ஒருவரை ஆங்கிலத்தில் டஞ்சன் மாஸ்டர் என்றார்கள். நிலவறையின் எசமானர். நான் 'நடத்துநர்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறேன். பேருந்து நினைவுக்கு வந்தால் வரட்டும். வண்டியை ஓட்டாதவர், ஆனால் எல்லோரும் ஏறியாயிற்றா என்று பார்ப்பவர், விசில் அவர் கையில்.

இந்த நாற்காலி போர்க்களத்திலிருந்து வந்தது. பிரஷ்ய இராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட 'கிரீக்ஸ்பீல்' என்ற போர்ப் பயிற்சி ஆட்டத்தில், வரைபடத்தின் மேல் இரு தரப்புப் படைகளையும் நகர்த்த நடுவர் ஒருவர் இருந்தார். 1876இல் வெர்டி து வெர்நுவா என்ற தளபதி இன்னொரு படி போனார். விதிப்புத்தகம் தேவையில்லை, அனுபவமுள்ள அதிகாரியின் சொல்லே போதும் என்றார். இந்த மரபு பொழுதுபோக்குப் போர் ஆட்டங்களாகி, 1960களின் இறுதியில் அமெரிக்க மத்திய மேற்குப் பகுதியின் ஆட்டக் குழுக்களை அடைந்தது. அந்தக் குழுக்களில் பெண்கள் அரிது. நடுவர் பொம்மைப் படைகளுக்குத் தீர்ப்புச் சொல்வதை விட்டுக் கதை சொல்லத் தொடங்கினார். தீர்ப்புச் சொல்லும் உரிமையை மட்டும் விடவில்லை.

பெண் உடலுக்கு அங்கே என்ன தீர்ப்புக் கிடைத்தது என்பதற்கு விதிநூல்களே சான்று. 1976இல் 'தி டிராகன்' இதழில் பெண் பாத்திரங்களுக்கான விதிகள் என்று ஒரு கட்டுரை வந்தது. தலைமைக் கவர்ச்சி என்ற பண்பை எடுத்துவிட்டு, பெண்ணுக்கு மட்டும் 'அழகு' என்ற பண்பைச் சேர்த்தது அது. 1978இன் ஆடுநர் கையேட்டில், மனிதப் போர்வீரருக்கு உடல்வலிமை 18 வந்தால் அதற்கு மேல் ஒரு நூற்றுமானமும் உண்டு. ஆணுக்கு அது 100 வரை போகலாம். பெண்ணுக்கு 50இல் நின்றுவிடும். நெருப்புக் கக்கும் பறவைநாகம் இருக்கலாம், செத்தவன் எழுந்து நடக்கலாம், 51 வலிமையுள்ள பெண் மட்டும் இருக்க முடியாது. கற்பனையின் எல்லை எங்கே என்று இதைவிடத் துல்லியமாக எண்ணால் காட்டியவர்கள் இல்லை.

1979இன் நடத்துநர் கையேட்டில் நகர்த் தெருவில் எதிர்ப்படுபவர்களுக்கென்று ஓர் அட்டவணை இருக்கிறது. பகடை உருட்டி, வருவது யார் என்று பார்த்துக்கொள்ளலாம். அதில் 'இல்லாள்' ஒரு வகை. 'விலைமகள்' இன்னொரு வகை. விலைமகள் வந்துவிட்டால் நடத்துநர் இரண்டாம் முறை பகடை உருட்டி, மலிவானவளா, திமிர் பிடித்தவளா, கிழவியா, தரகனா என்று பன்னிரண்டு வகைகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். குலமகள், பொதுமகள் என்ற பாகுபாட்டை நன்கறிந்த நமக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. அந்த இல்லாளுக்கு இரண்டாம் பகடை கிடையாது. அவளில் வகைகள் இல்லை.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இன்னொன்று தோன்றும். அகப்பாடலும் ஒருவகையில் பாத்திரமேற்றுப் பேசுவதுதான். தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று முகமூடி அணிந்தே புலவர்கள் பேசினார்கள். யார் எப்போது பேசலாம் என்பதற்குத் தொல்காப்பியத்தில் விதிகள் உண்டு. மடலேறுவது பெண்ணுக்கு இல்லை என்ற விதியும் அதில் உண்டு. காதல் முற்றி ஊரறிய அவமானத்தைச் சுமக்கும் உரிமைகூட ஆணுக்கே. பின்னால் திருமங்கையாழ்வார் இரண்டு திருமடல்களில் பெண் குரலெடுத்து மடலேறுவேன் என்றார். விதியை உடைக்கவும் ஆண் புலவர் பெண் வேடம் போட வேண்டியிருந்தது. ஆட்டவிதியும் யாப்புவிதியும் ஒன்றல்ல என்பது தெரியும். ஆனால் 'மரபு அப்படி' என்று சொல்லும் குரல் இரண்டிலும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

பெண்கள் அங்கே இல்லவே இல்லை என்று சொல்வதும் பிழை. லாஸ் ஏஞ்சல்ஸில் லீ கோல்டு 1975இல் தொடங்கிய 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' என்ற இதழ், ஆடுபவர்களின் எழுத்துகளைத் தொகுத்து ஏறத்தாழ அரைநூற்றாண்டு நடந்தது. டி.எஸ்.ஆர். நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவுக்கு 1979இல் ஜீன் வெல்ஸ் வந்தார், அப்பிரிவின் முதல் பெண். அவர் எழுதிய 'வெள்ளி இளவரசியின் அரண்மனை' என்ற சாகச நூல் 1981இல் அச்சாகி வந்த வேகத்தில் திரும்பப் பெறப்பட்டது. சில ஓவியங்கள் பொருத்தமற்றவை என்பது காரணம். மறுபதிப்பு வந்தபோது டாம் மோல்ட்வே என்பவர் அதைப் பெருமளவு மாற்றி எழுதியிருந்தார். ஆட்டத்தின் வரலாற்றில் ஜீன் வெல்ஸின் பெயர் இன்றும் பெரும்பாலும் திரும்பப் பெறப்பட்ட அந்த நூலோடு சேர்ந்தே வருகிறது.

பிறகு திருத்தங்கள் வந்தன. 1989இன் இரண்டாம் பதிப்பில் பெண்ணுக்கான வலிமை வரம்பு போனது. ஆனால் அந்தப் பதிப்பு, நூல் முழுக்க ஆண்பாற் பெயரையே பயன்படுத்துவதற்கு ஒரு குறிப்புப் போட்டு நியாயம் சொன்னது. 2014இன் ஐந்தாம் பதிப்பு, பாத்திரத்தின் பாலினம் இருமைக்குள் அடங்க வேண்டியதில்லை என்றது. 2022இல் வந்த 'ரேடியன்ட் சிட்டடெல்' தொகுப்பில் தலித் எழுத்தாளர் மிமி மண்டல் வங்காள நிலத்தைத் தழுவி ஒரு சாகசம் எழுதினார். இவையெல்லாம் தேவையான மாற்றங்கள். படங்களும் பெயர்களும் மாறின. தலைமாட்டு நாற்காலி அங்கேயேதான் கிடக்கிறது.

அந்த நாற்காலியில் இருப்பவர் உண்மையில் என்ன வேலை செய்கிறார்? ஐந்து பேரும் ஒரே நாளில் கூடும்படி தேதி பார்க்கிறார். யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்கிறார். அரைமணி நேரமாக வாய் திறக்காமல் இருப்பவளைக் கவனித்து அவள் பக்கம் கதையைத் திருப்புகிறார். மூன்று வாரத்துக்கு முன் வந்த கடைக்காரரின் பெயரை நினைவில் வைத்திருக்கிறார். கல்யாண வீட்டில் மூத்த மருமகள் செய்வது இதைத்தான், பந்தி உட்பட. அங்கே அதற்குப் பெயர் இல்லை. இங்கே மாஸ்டர்.

2000க்குப் பிறகு பெண்கள் எழுதிய சில சிறு ஆட்டங்கள் எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். எமிலி கேர் பாஸின் 'பிரேக்கிங் தி ஐஸ்' (2005) இருவர் மட்டும் ஆடுவது. ஒரு காதலிணையின் முதல் மூன்று சந்திப்புகள்தான் கதை. நடத்துநரே கிடையாது. ஆடும் இருவருக்கும் இடையே உள்ள ஒரு வேறுபாட்டைக் கண்டுபிடித்து அதை மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும். பாலினம் என்றால் அவன் அவளாகவும் அவள் அவனாகவும். மெகுவே பேக்கரின் '1001 நைட்ஸ்' (2006) ஆட்டத்தில் எல்லோரும் சுல்தானின் அரண்மனைவாசிகள். முறைவைத்துக் கதை சொல்கிறார்கள். நாற்காலி கைமாறிக்கொண்டே இருக்கிறது. உயிர் பிழைக்கக் கதை சொன்ன ஒருத்தியின் பேரால் வந்த ஆட்டத்தில் அது பொருத்தந்தான்.

ஆட்ட வடிவம் அல்லாத ஒன்றையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். ஜான் ஸ்டாவ்ரோபொலஸ் என்பவர் பரப்பிய எக்ஸ் அட்டை. ஒரு காகிதத்தில் பெருக்கல் குறி போட்டு மேசை நடுவில் வைக்கிறார்கள். கதை போகும் போக்கு யாருக்காவது பொறுக்கவில்லை என்றால் அட்டையைத் தொட்டால் போதும். அந்தப் பகுதி கதையிலிருந்து நீக்கப்படும். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆட்டத்தின் சுவையைக் கெடுக்கிறது என்று இதற்கு எதிர்ப்பும் இருந்தது. எனக்கு அந்தக் கடைசி விதி ஒன்றே போதும். வேண்டாம் என்று சொன்ன பெண்ணிடம் 'ஏன்' என்று கேட்காத மேசைகள் அதிகம் இல்லை.

இந்த வரிசையில் நான் மிகவும் மதிப்பதும், மிகவும் சண்டை போடுவதும் 'புளூபியர்ட்ஸ் பிரைட்' (2017) என்ற ஆட்டத்தோடு. விட்னி பெல்ட்ரான், மரிஸ்ஸா கெல்லி, சாரா ரிச்சர்ட்சன் என்ற மூன்று பெண்கள் எழுதியது. நீலத்தாடிக்காரனின் கதையை ஷார்ல் பெரோ 1697இல் அச்சில் தந்தார். புது மனைவியிடம் சாவிக்கொத்தைக் கொடுத்து, ஒரு அறையை மட்டும் திறக்காதே என்று சொல்லிப் போகிறான் கணவன். அவள் திறக்கிறாள். உள்ளே முன்னாள் மனைவிகளின் பிணங்கள். கடைசியில் அண்ணன்மார் வந்து காப்பாற்றுகிறார்கள். கொலைகாரனை விட்டுவிட்டுப் பெண்ணின் ஆவலைக் கண்டித்து ஒரு நீதியும் இணைத்தார் பெரோ. ஆஞ்சலா கார்ட்டர் 1979இல் அதைத் திருப்பி எழுதியபோது தாய் வந்து துப்பாக்கியால் சுட்டாள். இரண்டிலும் மீட்பு வெளியிலிருந்தே வருகிறது. ஆட்டத்தில் வெளியிலிருந்து யாரும் வருவதில்லை.

மேசையில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே மணப்பெண். கன்னி, தாய், மோகினி, சூனியக்காரி, பெண்ணுக்குள் இருக்கும் ஆண் என்று அவள் மனத்தின் ஐந்து கூறுகளில் ஆளுக்கொன்றை ஏற்கிறார்கள். மோதிரம் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதை அவள் உடல் செய்யும். மற்றவர்கள் அவள் தலைக்குள் கேட்கும் குரல்கள். அச்சத்தில் நடுங்கும் நேரத்தில், எது நடந்துவிடுமோ என்று பயப்படுகிறாள் என்பதை ஆடுபவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஓர் அறையை விட்டு வெளியேறும் முன், இங்கே நடந்தது என்ன என்று ஒரு முடிவுக்கு வர வேண்டும். அந்த முடிவு கணவன் பக்கமா, எதிராகவா என்பது கணக்கில் ஏறும்.

பழைய ஆட்டத்தில் அறைக்குள் என்ன இருக்கிறது என்பது நடத்துநரின் தடுப்பட்டைக்குப் பின்னால் எழுதப்பட்டிருக்கும். ஆடுபவர் அதைக் கண்டுபிடித்தால் போதும். இங்கே நடத்துநர் பயமுறுத்துகிறார், அறையை நிரப்புகிறார், ஆனால் உண்மை அவரிடம் இல்லை. நடந்தது இதுதான் என்று சொல்லும் பொறுப்பு அந்தப் பெண்ணிடம் இருக்கிறது. தன் கண்ணால் கண்டதை அவளே மறுக்கவும் செய்யலாம். நாற்காலியை ஒழிக்காமல் அதன் அதிகாரத்தின் மையத்தை மட்டும் கழற்றி எடுத்துவிட்டார்கள்.

சண்டை எங்கே என்றால், கன்னி, தாய், மோகினி, சூனியக்காரி என்ற வகைகள் எந்தச் சரக்கறையிலிருந்து வந்தவை? 1979இன் அட்டவணையிலிருந்து நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்? அங்கே தெருவில் எதிர்ப்பட்ட வகைகள் இங்கே ஒருத்திக்குள் இருந்து சச்சரவிடுகின்றன, ஒன்றும் அவளை முழுதாகச் சொல்லிவிடுவதில்லை என்று பதில் சொல்லலாம். பாதி ஒப்புக்கொள்கிறேன். யுங்கிடமிருந்து கடன் வாங்கிய 'உள்ளிருக்கும் ஆண்' தேவையில்லாத சுமை. எதிர்த்து நிற்கும் பெண்ணுக்குள் ஓர் ஆண் இருந்தாக வேண்டும் என்பதை இவர்களும் நம்புகிறார்களா? சிதைந்த பெண்ணுடலை அழகிய ஓவியமாக்கும் ஆசையும் நூலில் தெரிகிறது. மணப்பெண் வாசலைத் தாண்டிப் போவது அரிதிலும் அரிது.

நூலைப் படித்தால் தெரியாத ஒன்று ஆடும்போது தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆய்வு மாணவியர் நான்கு பேரோடு என் வீட்டில் ஆடினோம். ஒருத்தி நடத்துநர். எனக்குத் தாய்க் கூறு வந்தது. கேட்காமலே கொடுத்துவிட்டார்கள். ஆங்கில நூலை வைத்துக்கொண்டு தமிழில் பேசி ஆடினோம். கோட்டைக்குப் பதில் காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடு. மோதிரத்துக்குப் பதில் ஒரு பழைய சாவிக்கொத்து. மாமியார் இடுப்பிலிருந்து மருமகள் இடுப்புக்கு வரும் சாவிக்கொத்து நமக்கு என்னவென்று தெரியும் என்பதால் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது அறை பாத்திர அறை. அண்டா, குடம், குத்துவிளக்கு, வரிசையாகப் பித்தளை. நடத்துநர் கேட்டாள், "கிட்டப் போய்ப் பாக்குறீங்களா?" பார்த்தோம். எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் வேறு வேறு பெண்ணின் பெயர்.

சாவிக்கொத்து கன்னியிடம் இருந்தது. "அடகுல மூழ்கின பாத்திரமா இருக்கும். ஏலத்துல எடுத்திருப்பார்" என்றாள்.

"அத்தனையும் பொம்பளப் பேரா இருக்கே" என்றது சூனியக்காரி.

"சீர்ப் பாத்திரம்னா பொண்ணு பேருதான இருக்கும்."

கணவன் பக்கம் ஒரு புள்ளி. அந்த ஏலக் கதையைக் கட்ட எங்கள் நால்வருக்கும் ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. அவ்வளவு பழக்கம்.

அடுத்தது இலக்கணச் சிக்கல். தமிழில் 'நான் போகிறேன்', 'நீ போகிறாய்' என்பதில் பால் இல்லை. மேசையில் இருக்கும் இருவருக்கிடையே ஆண் பெண் தேவைப்படாது. ஆனால் படர்க்கை வந்துவிட்டால் தப்ப முடியாது. ஆங்கில நடத்துநர் ஒரு வேலையாள் நிற்பதாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். தமிழில் நிற்கிறானா, நிற்கிறாளா, நிற்கிறாரா என்று சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வினைமுற்றிலும் அந்த வீட்டின் படிநிலை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

"கொல்லப்புறத்துல ஒரு வேலைக்காரி நிக்கிறா" என்றாள் எங்கள் நடத்துநர்.

மோகினி இடைமறித்தாள். "அவங்களுக்கு என்ன வயசு?"

"அறுபது இருக்கும்."

"அப்புறம் ஏன் நிக்கிறான்னு சொல்றே?"

நடத்துநர் கொஞ்சம் யோசித்தாள். "இந்த வீட்டுக்காரர் அப்படித்தான் சொல்வார். நீ எப்படிக் கூப்பிடப் போறே?"

நூலில் அப்படி ஒரு விதி இல்லை. ஆனால் நடத்துவது என்பதன் முழு நுட்பமும் அந்தப் பதிலில் இருந்தது. விமர்சனத்தை வாங்கிக்கொண்டு அதையே அடுத்த கேள்வியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். சாவிக்கொத்து மோகினியின் கைக்குப் போனது. அவள் "பெரியம்மா" என்று கூப்பிட்டாள். பெரியம்மா திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு அவர் கதை முழுக்க 'நிற்கிறார்', 'சொல்கிறார்'. அந்த வீட்டுப் பாத்திரங்களை நாற்பது வருடமாகப் புளி போட்டுத் தேய்த்தவர் அவர். எந்தக் குடம் எந்த வருடம் வந்தது, எந்தப் பெயருக்குப் பின் எந்தப் பெயர் என்பதை வரிசையாகச் சொன்னார். ஏலம் ஒன்றும் இல்லை. அடுத்த இரண்டு புள்ளிகளும் கணவனுக்கு எதிராக விழுந்தன.

கடைசி அறையின் வாசலுக்கு வந்தபோது மணி ஐந்தரை. விடுதிக் கதவை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள், தாமதமானால் வீட்டுக்குத் தொலைபேசி போகும். திறக்கலாமா வேண்டாமா என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று எழுந்தார்கள். அடுத்த வாரம் ஒருத்திக்கு ஊரில் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கடுத்த வாரம் என் மாமியாருக்கு உடம்பு சரியில்லை. சாவிக்கொத்து என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. விடுமுறை விடுவதற்குள் நான்கு மணி நேரம் ஒன்றாகக் கிடைக்குமா என்று நடத்துநர் எல்லோரிடமும் தேதி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.